உதைத்த காலின் சூடு

நைனாவின் வலது காலை நான் முதலில் அறிந்தது என் முதுகில். ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரிப் பக்கம் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். ஆறாவது படிக்கும்போது ஒருநாள், தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே உட்கார்ந்த இடத்தில் தூங்கிவிட்டேன். நூல் தீர்ந்து தறி நின்றது. அவருடைய இரண்டு கையும் அறுந்த இழையைப் பிடித்திருந்ததால் காலால் உதைத்தார். கூடையோடு உருண்டு போய்ச் சுவரில் இடித்தேன். என் முன்பல் ஒன்றில் பாதி இன்றைக்கும் இல்லை.

இப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அதே காலைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொள்கிறேன். டார்ச் அடித்து, அடியில் கண்ணாடி பிடித்து, வெடிப்பு, கொப்புளம், நிறம் மாறிய இடம் ஏதாவது இருக்கிறதா என்று விரல் விரலாகப் பிரித்துப் பார்க்கிறேன். "பெத்த பொண்ணுன்னா இப்டி இருக்கணும்" என்கிறார்கள் தெருவில். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. முதல் ஒரு மாதம், அந்தக் கால் மடிக்கு வந்ததும் என் முதுகு தானாகவே விறைத்துக்கொள்ளும்.

எங்கள் வீடு பாதி வீடு, பாதி தறிக்கூடம். இரண்டு விசைத்தறி. அந்தச் சத்தத்தில் வாய்ப்பேச்சு எடுபடாது. அதனால் எங்கள் வீட்டில் கையும் காலும் பேசின. நூல் அறுந்தால் அம்மாவுக்கு அடி. சோறு குழைந்தால் அடி. கரண்ட் போனால்கூட அடி, என்னவோ அம்மாதான் லைன்மேனிடம் சொல்லி நிறுத்தியது போல. நான் பத்தாவது படிக்கும்போது அவளுடைய இடது விலாவில் ஓர் உதை விழுந்தது. மூன்று நாள் மூச்சை முழுசாக இழுக்க முடியாமல் கிடந்தாள். ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "கொழாயாண்ட வழுக்கி உழுந்துட்டேன்" என்றாள். எப்போதும் அதே பதில்தான். கல்லானாலும் கணவன் என்று அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், அந்தக் கல் வந்து விழும்போது எங்கே போய் நிற்பது என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

நைனாவுக்கு சுகர் வந்து பதினைந்து வருஷம் ஆகிறது. நாக்கைக் கட்டியவர் இல்லை. இரண்டு கால்களும் மரத்துப்போயிருந்தன. அது அவருக்கே தெரியாது. மரத்துப்போவது என்றால் அதுதானே.

எங்கள் தெருவில் யாரும் தறிக்கூடத்துக்குள் செருப்போடு நுழைய மாட்டார்கள். தறி லட்சுமி. வெள்ளிக்கிழமை பூ வைத்துக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவோம். செருப்புக் காலோடு உள்ளே வந்த எலக்ட்ரீஷியன் ஒருவனை நைனா கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வெறுங்காலோடு நாள் முழுவதும் நின்றவரின் இடது காலில், தறியிலிருந்து தெறித்த கம்பித் துண்டு ஒன்று ஏறிக்கொண்டது. எத்தனை நாள் உள்ளேயே இருந்தது என்று யாருக்கும் தெரியாது. நாற்றம் வந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் அம்மா எலி செத்துக் கிடக்கிறதோ என்று நூல் மூட்டையையெல்லாம் நகர்த்தித் தேடியிருக்கிறாள். திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரியில் சுண்டுவிரலையும் அதற்கு அடுத்த விரலையும் எடுத்தார்கள். எந்தக் காலில் இன்னொரு புண் வந்தாலும் அந்தக் கால் முழங்காலுக்குக் கீழே மிஞ்சாது என்றார் டாக்டர்.

கட்டுப் பிரித்த அன்று அங்கிருந்த நர்ஸம்மா ஒரு சோதனை வைத்தாள். நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொடுவாள். நைனா கண்ணை மூடிக்கொண்டு, பட்டால் சொல்ல வேண்டும். விரலால் நெருடியே நூல் எத்தனையாம் நம்பர் என்று சொல்கிற மனிதர் அவர். கண்ணை மூடிக்கொண்டு, "ஆங், தெரியுது... தெரியுது..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நர்ஸம்மா இழையை மேஜைமேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அப்போதும் "தெரியுது" என்றார். "அபத்தம் செப்பொத்து, பெத்தாயனா" என்றாள் அவள் தெலுங்கில். பொய் சொல்லாதே, பெரியவரே என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினாள். கொரோனா சமயத்தில் எல்லா வாசலிலும் நெற்றிக்கு நேராகத் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டரை நீட்டினார்களே, அதில் ஒன்றை வாங்கச் சொன்னாள். பொத்தானை அழுத்தி, பொருளின் மேற்சூட்டை அளக்கும்படி மாற்றிக் காட்டினாள். ஒவ்வொரு காலிலும் ஆறு இடம் அளக்க வேண்டும். வலது காலின் ஓர் இடமும் இடது காலில் அதே இடமும் ஏறக்குறைய ஒரே சூடாக இருக்க வேண்டும். நாலு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் தோலுக்கு உள்ளே ஏதோ கெட்டுக்கொண்டிருக்கிறது. கண்ணுக்குப் புண் தெரிவதற்கு முன்பே சூடு காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு நாள் தொடர்ந்து அப்படிக் காட்டினால் ஓரடிகூட நடக்க விடாமல் கூட்டிக்கொண்டு வா என்றாள். நைனா காது கேட்காதவர் போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அந்த இரண்டு நாள் கணக்கை மட்டும் நன்றாகக் காதில் வாங்கியிருக்கிறார்.

எனக்கு இது புது வேலை இல்லை. நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் க்வாலிட்டி செக்கிங்கில் இருக்கிறேன். பாகத்தை எடுப்பது, அளப்பது, சார்ட்டில் எழுதுவது, இதுதான் என் பிழைப்பு. காலை ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் என்னை இறக்கிவிட மூன்றரை ஆகும். நாலு மணிக்கு வீட்டில் இரண்டாவது ஷிப்ட் தொடங்கியது.

முதல் நாளே என் தாடையில் உதைத்தார். "பொட்டச்சி கையில காலக் குட்த்துட்டு குந்திக்கினு இருக்கணுமா நானு?" என்றார். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பது எங்கள் வீட்டில் செல்லாது. என் கோபம் முழுக்க அவர் கொடுத்த நூல். அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பிடித்து இழுத்தேன். தொப்பென்று தரையில் விழுந்தார். "இன்னொரு தபா ஒதச்சின்னா, டாக்டர் வர்ற வரிக்கும் காத்துக்கினு இருக்க மாட்டேன் நைனா. நானே வெட்டிடுவேன்" என்றேன். அடியாத மாடு படியாது என்று எங்களை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். மறுநாளிலிருந்து காலை நீட்டினார், வாயை மட்டும் மூடவில்லை.

ஆஸ்பத்திரியில் கொடுத்த மெத்தென்ற செருப்பைத் தறிக்கூடத்தில் போட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். வாசற்படி தாண்டாத புது ஜோடி ஒன்றை வாங்கிவரச் சொல்லி, அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தறிக்குக் காட்டிய கற்பூரத்தை அதற்கும் காட்டித் தறியடியில் வைத்தாள். செருப்புக்குக் கற்பூரம் காட்டிய வீடு நகரியிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். நைனா முனகிக்கொண்டே மாட்டிக்கொண்டார். நான் வீட்டில் இருக்கிற நேரம் மட்டும்தான் அது காலில் இருந்தது என்பது பின்னால் தெரிந்தது.

போன ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை, வலது பெருவிரலுக்குக் கீழே இருக்கும் மேட்டில் தெர்மாமீட்டர் ஏறியது. இடது காலைவிட ஐந்தரை டிகிரி அதிகம். மூன்று முறை அளந்தேன், அதே எண். அந்த இடத்தில் நின்று நின்று காய்ப்பு ஏறியிருந்தது; காய்ப்பின் அடியில் மங்கலாக ஒரு கறுப்பு தெரிந்தது, அவ்வளவுதான்.

"தறிய நிறுத்து நைனா. நாளைக்கும் இப்டியே காட்டிச்சின்னா திருப்பதி போறோம்" என்றேன்.

எங்கள் தெருவில் சாவு விழுந்தால்தான் பகலில் தறி நிற்கும். ஒரு வீட்டுத் தறி காரணமில்லாமல் ஓய்ந்தால், யார் போனது என்று கேட்டுக்கொண்டு பக்கத்து வீட்டார் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நைனாவுக்கு அதுதான் பொறுக்கவில்லை. "உசுரோட எனக்குப் பாடை கட்டப் பாக்கறியாடி, கய்தே!" என்று கத்தி, தறியில் ஓடும் நாடாவை எடுத்து வீசினார். இரண்டு முனையிலும் இரும்பு வைத்த கட்டை அது. என் காதை உரசிக்கொண்டு போய்ச் சாமி படத்தின் கண்ணாடியைச் சிதறடித்தது. காதிலிருந்து ரத்தம் தோளில் சொட்டச் சொட்ட, ஃப்யூஸைப் பிடுங்கி என் பையில் போட்டுக்கொண்டேன். மறுநாள் அதைக் கம்பெனிக்கே எடுத்துப் போனேன்.

அன்று சாயங்காலம் அளந்தால் ஒரு டிகிரிதான் வித்தியாசம். நான் அழுதேவிட்டேன். ஒருநாள் ஓய்விலேயே தணிந்துவிட்டது என்று நம்பினேன். "சாமி காப்பாத்திச்சி" என்றாள் அம்மா, உடைந்த படத்தைப் பார்த்து. அதற்கடுத்த நாள் அரை டிகிரி. ஃப்யூஸைத் திரும்ப மாட்டிவிட்டேன். ஒரு வாரம் முழுக்க எண்கள் அப்படி அழகாக வந்தன. நைனாகூட, "இன்னாடி, ஆட்டமா ஆடினியே?" என்று பல்லைக் காட்டினார்.

எட்டாம் நாள் தலைகீழாகக் காட்டியது. இடது கால் வலதைவிட நாலரை டிகிரி சூடு. பயந்துபோய் இடது காலை அரை மணி நேரம் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுநாள் கம்பெனியில் கை வேலை செய்தது, மனம் அந்தச் சார்ட்டிலேயே கிடந்தது. எங்கள் லைனில் ஒன்று சொல்வோம்: பாகம் பொய் சொல்லாது, பொய் சொல்வது அளந்தவன்தான். எண்கள் அளவுக்கு மீறி ஒழுங்காக இருந்தால் பாகத்தை விட்டுவிட்டு மனிதனைப் பார்ப்போம். இடது கால் என்றும்போலத்தான் இருந்தது. வலதில்தான் ஆறு இடமும் ஒன்றாகச் சேர்ந்து குறைந்திருந்தன, குதிகால்கூட. ரத்தம் ஓடுகிற கால் தானாக அப்படிக் குளிராது. வயிற்றுவலி என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுப் பகலிலேயே ஊருக்குப் பஸ் பிடித்தேன்.

தெருமுனையிலேயே எங்கள் தறிச் சத்தம் கேட்டது. சந்து வழியாகப் பின்பக்கம் போனேன். நான் கதவை அடையும்போது சத்தம் நின்றது. நைனா வெறுங்காலோடு கொல்லைக்கு வந்து துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்தார். அம்மா ஒரு பிளாஸ்டிக் டப்பை அவர் முன்னால் வைத்தாள். வலது காலை அதில் வைத்தார். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில்களை அம்மா ஒன்றன்பின் ஒன்றாக அந்தக் காலின்மேல் கவிழ்த்தாள். ஐஸ் கட்டியையும் தட்டிப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் காலை எடுத்து, முந்தானையால் விரலிடுக்கு விடாமல் துடைத்தாள். விரலிடுக்கில் ஈரம் தங்கக்கூடாது என்று நர்ஸம்மா சொன்னதை அவள் மறக்கவில்லை.

நான் உள்ளே பாய்ந்தேன். டப்பை எட்டி உதைத்தேன், அது சுவரில் மோதிப் பிளந்தது. பாட்டில்களை எடுத்துக் கிணற்றுச் சுவரில் அடித்தேன். அம்மா மூலையில் ஒண்டிக்கொண்டாள். நைனா எழுந்து என் கொண்டையைப் பிடித்தார். "தறி என்னுது! ஊடு என்னுது! காலு என்னுது! நீ யார்றீ கேக்கறதுக்கு?" என்று தலையைப் பிடித்து உலுக்கினார். என் காலில் கம்பெனி ஷூ இருந்தது. அவருடைய வலது காலைப் பார்த்து, உடம்பில் உள்ள பலம் அத்தனையையும் சேர்த்து மிதித்தேன். தெரியாமல் பட்டுவிட்டது என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். பார்த்துத்தான் மிதித்தேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. என் முடியை விடாமல், "காலு என்னுது" என்று கத்திக்கொண்டே இருந்தார். என் ஷூ அந்தக் காலின்மேல் இருந்தது. அவருக்குத் தெரியவில்லை. எத்தனை வருஷமாக மனசுக்குள் ஓங்கிக்கொண்டிருந்த மிதி அது! அது போய்ச் சேரவேயில்லை.

ஷூவை எடுத்தேன். காய்ப்பு பிளந்து, சீழும் ரத்தமும் ஈரக் கல்லில் பரவிக்கொண்டு வந்தது. என் முகம் மாறியதைப் பார்த்துத்தான் அவர் கீழே குனிந்தார்.

"யாரு ரத்தம்டி இது?" என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்து அவர் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அந்தக் காலை அத்தனை வெறுத்தவள் நான். அன்றைக்கு அதைக் கையில் பிடித்துக்கொண்டு, போய்விடாதே, போய்விடாதே என்று கெஞ்சினேன்.

ஒரு காரைப் பிடித்து ஐந்து மணிக்குள் திருப்பதி போய்விட்டோம். "எப்படி ஆச்சு?" என்று கேட்டார் டாக்டர். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நைனா, "தறியில இடிச்சிக்கினேன் சார்" என்றார். என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். அடி வாங்கினவர்கள் சொல்கிற பொய் அது. எங்கள் வீட்டில் அதுவரை அம்மா மட்டும்தான் அதைச் சொல்லியிருந்தாள். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. உண்மையைச் சொல்லும் தைரியம் எனக்கும் வரவில்லை.

அவரை உள்ளே கொண்டுபோனார்கள். வெளியே பெஞ்சில் நானும் அம்மாவும் உட்கார்ந்தோம்.

"நைனா அடிச்சிதாம்மா? அதுக்குப் பயந்துதான் தண்ணி ஊத்துனியா?" என்றேன்.

"மொத நாளு அவருதான் கேட்டாரு" என்றாள். "அப்பால அவரு கேக்கலை. நானேதான் கொண்டாந்தேன்."

"ஏம்மா?"

அம்மா முந்தானை ஈரத்தைப் பிழிந்தாள். "அந்தக் காலு பூட்ச்சின்னா ஒதை உழாதுல்ல" என்றாள். சோற்றுக்கு உப்புப் போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

எனக்கு அவளைத் திட்டத் தோன்றவில்லை. அந்த நினைப்பு எனக்கு ஒருநாளும் வந்ததில்லை என்று எழுதினால் நானும் பொய்யளவு எழுதுகிறவள் ஆவேன். அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். ஐஸ் தண்ணீரில் ஊறி அது இன்னும் சில்லென்று இருந்தது.

டாக்டர் வெளியே வந்து, சீழ் எலும்பைத் தொடவில்லை, கால் தப்பித்தது, இன்னும் சில நாள் விட்டிருந்தால் எடுத்திருக்க வேண்டும் என்றார். மாவுக்கட்டு மாதிரி ஒன்றைப் போட்டு, இரண்டு மாதம் தரையில் ஊன்றக்கூடாது என்றார். அம்மா ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக் கைகூப்பினாள். நன்றி சொன்னாளா, சண்டை போட்டாளா என்று நான் கேட்கவில்லை.

இரண்டு மாதம் எங்கள் தறி ஓடவில்லை. சொன்னபடியே மூன்றாம் நாள் பக்கத்து வீட்டார் வந்து வாசலில் தயங்கி நின்றார்கள். "நாந்தான் செத்தேன், உள்ள வந்து பாத்துட்டுப் போங்க!" என்று கட்டிலிலிருந்து கத்தினார் நைனா. வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்த இரண்டு மாதமும் அவர் கால் எட்டாத தூரத்திலேயே தட்டை வைத்துத் தள்ளினாள். அவர் புரண்டு படுத்தால்கூட அவள் தோள் ஒரு பக்கமாக ஒடுங்கும். மரத்துப்போனது அவர் கால்தான், அவள் உடம்பு இல்லை.

கட்டைப் பிரித்த பிறகு மறுபடியும் நாலு மணி வேலையைத் தொடங்கினேன். இப்போது அளப்பதற்கு முன்னால் ஈரம் இருக்கிறதா என்று என் கன்னத்தை அந்தக் காலில் வைத்துப் பார்க்கிறேன்.

போன வாரம் அளந்து முடித்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு இடமும் சரியாக இருந்தன. நைனாவின் கால் இன்னும் என் மடியில் இருந்தது. அம்மா அடுப்படியிலிருந்து வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். ரவிக்கையை இடது பக்கம் கொஞ்சம் தூக்கி, "இங்கயும் வெச்சிப் பாரு" என்றாள்.

அந்த விலா. இருபத்து மூன்று வருஷம் ஆகிவிட்டது. இடது பக்கம் வைத்தேன், வலது பக்கம் அதே இடத்தில் வைத்தேன். இரண்டும் ஒரே எண்.

"ஒண்ணாத்தாம்மா இருக்குது. வித்தியாசம் இல்ல" என்றேன்.

"அப்டியா?" என்றாள் அம்மா. "குனிஞ்சா இன்னும் எரியுதே."

நைனா என் மடியிலிருந்து காலை மெதுவாக இழுத்துக்கொண்டார். பிறகு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "நாலு டிகிரின்னு எழுது" என்றார்.

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ரவிக்கையை இறக்கிவிட்டு உலையைப் பார்க்க எழுந்து போனாள். அளக்காத எண்ணைச் சார்ட்டில் ஏற்றினால் எங்கள் கம்பெனியில் அன்றைக்கே வேலை போய்விடும். நான் இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. பக்கத்தின் அடியில் ஒரு கோடு போட்டு, அம்மா, இடது விலா, நாலு டிகிரி என்று எழுதினேன்.